இன்றைய சொல்: யானைத்தீ

“யானைத்தீ!” என்று அறிவித்தார் தாட்சாயிணி டீச்சர்.

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடந்து முடித்து, சிமெண்ட் பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். தினமும் டீச்சர் ஒரு பழஞ்சொல் தருவார். அதை வைத்து, அன்று காலை நம் வீட்டில் நிஜமாகவே நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் தலையில் எல்லோருக்கும் டீ.

“எவ்ளோ சாப்பிட்டாலும் அடங்காத பசி. பழைய இலக்கியத்துல அது ஒரு நோய். சாபத்தால வரும்.”

“எனக்கு அதான் டீச்சர் கீது! ஜோசப்ராஜ் அண்ணாத்தே இட்லிய இன்னும் காணோமே?” என்றான் கஜபதி.

“அது வெறும் பசி. தள்ளுபடி!”

டீ அவன் தலையில் விழுந்தது. ஆனாலும் எங்கள் எல்லோர் கண்ணும் கேட் பக்கம்தான்.

ஜோசப்ராஜின் மனைவி ஆரோக்கியம்மாளுக்குக் கீமோ ஆரம்பித்ததிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. மனிதர் இட்லியைப் பஞ்சு மாதிரி அவிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். தினமும் ஒரு டப்பா வரும். “கொஞ்சம் சேத்து அவிச்சிட்டேன், துன்னுங்கபா” என்பார். நாங்கள் அடித்துப் பிடித்துத் தின்போம். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் ஏரியைப் பார்ப்பார்.

அதோ வந்துவிட்டார்! நடக்கவில்லை, ஓடி வருகிறார்.

டீச்சர் அவருக்கும் சொல்லையும் பொருளையும் சொல்லி முடிப்பதற்குள் ஜோசப்ராஜ் கத்தினார்.

“என் ஊட்டுக்காரிக்கு யானைத்தீ, டீச்சர்!”

டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. “அண்ணே, அது நோய். அவங்களப் போய் அப்படிச் சொல்லாதீங்க.”

ஜோசப்ராஜ் டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

“நாலு இட்லியையும் துன்னுட்டா! மூணு மாசமா தட்ட தள்ளிவுட்டவ, இன்னிக்கி வடகறி எங்கன்னு சண்ட போட்டுகினு கீறா!”

ஹோவென்று கூச்சல் போட்டோம். கூச்சல் போடும்போதே எனக்கு உறைத்தது. மூன்று மாதமாக நாங்கள் போட்டி போட்டுத் தின்றது எங்களுக்காகச் சேர்த்து அவித்த இட்லி இல்லை.

“வாக்கியம் சரிண்ணே, ரொம்பச் சரி” என்றார் டீச்சர்.

“டப்பாவக் குடு அண்ணாத்தே!” என்று வழக்கம்போலவே பிடுங்கிக்கொண்டு, கஜபதி வடகறி வாங்க ஓடினான்.