ஒன்பதாவது விதி

சிரித்துவிடக் கூடாது என்று உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

நடுநிலைப் பள்ளியின் உடை விதிகளைக் கறாராக்குவதா, தளர்த்துவதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஆபீஸ் கிளார்க். குறிப்பெடுப்பது மட்டும்தான் என் வேலை.

எல்லாம் ஒன்பதாவது விதியால் வந்த வினை. 'மஞ்சள் நிறக் காலுறை அணிதல் கூடாது.'

மற்றபடி சாக்ஸ் எப்படியும் இருக்கலாம். கோடு போட்டது, புள்ளி வைத்தது, கிளிப்பச்சை, எதுவும் சரி. மஞ்சள் மட்டும் ஆகாது.

ஏழாம் வகுப்பு கோல்கீப்பர் மூன்று முறை மஞ்சளில் மாட்டிக்கொண்டாள். அதைப் போட்டால்தான் பந்து கைக்கு வருகிறதாம். இன்று விதி கறாரானால் நாளை இறுதி ஆட்டத்தில் அவள் கிடையாது. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

ஏன் மஞ்சள் கூடாது?

மஞ்சளுக்குப் பூச்சி வரும் என்றார் அறிவியல் ஆசிரியர். கரும்பலகையிலிருந்து கண்ணை இழுத்துவிடும் என்றார் ஓவிய ஆசிரியர். பள்ளியைத் தொடங்கியவருக்கு மஞ்சள் காமாலை இருந்திருக்கும் என்றார் ஒரு மாணவனின் தாத்தா, மிகுந்த மரியாதையோடு.

நான் பேனாவைக் கீழே போட்டு, மேசைக்கடியில் குனிந்து, வேண்டிய மட்டும் சிரித்துவிட்டு எழுந்தேன்.

அந்த விதியை எழுதியதே நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு காலை, வயிற்றெரிச்சல் தாங்காமல் எட்டாவது விதிக்குக் கீழே நானாக அடித்துச் சேர்த்தேன். அப்போதைய தலைமையாசிரியர் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். பத்து மணிக்குள் அது பலகையில் ஏறிவிட்டது. இருபத்தெட்டு வருடமாக யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் ஆட்டம் போகும்.

தலைமையாசிரியை எழுந்தார். அறை அடங்கியது.

"நானும் இதே பள்ளியில ஏழாவது படிச்சவதான். மஞ்சள் சாக்ஸ் போட்டு வந்து ஒரு நாள் முழுக்க வெளியில நின்னிருக்கேன். அந்த ஒழுக்கந்தான் என்னை இந்த நாற்காலியில உட்கார வெச்சிருக்கு."

கைதட்டல். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. உருகிவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை நீட்டினார்.

கடைசியில் முடிவானது இதுதான்: விதித்தாளில் இருப்பதை இம்மி பிசகாமல் அமல்படுத்துவது, இல்லாததற்கு யாரையும் தண்டிக்காமலிருப்பது. பழைய தாள் கிழிந்துவிட்டதால் புதிதாக ஒன்று அடித்து இன்றே ஒட்ட வேண்டும்.

அடித்தேன். பத்தாவதாக இருந்தது ஒன்பதாவதானது. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார்.

கோல்கீப்பர் பலகையை இரண்டு முறை படித்தாள். பிறகு நடைவழி நெடுக மஞ்சள் கால்களோடு ஓடினாள்.

சாயங்காலம் பேருந்தில் தலைமையாசிரியை என் பக்கத்தில் உட்கார்ந்து தோளை இடித்தார்.

"எதுக்குக்கா கூட்டத்துல அப்படி அழுத?"

ஒன்றுமில்லை என்றேன்.

முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கி, ஒரு நாள்கூடப் போடாமல் வைத்திருந்த என் மஞ்சள் சாக்ஸைத்தான் அன்று காலை என் தங்கை கேட்காமல் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். இன்னும் அவள் திருப்பித் தரவில்லை.