ஆள் பிடிக்கும் கூட்டம்

“புள்ளைங்களத் தனியாப் பிரி! தாய்க்காரி அழுதா அவளையும் பள்ளத்துல தள்ளு!”

பங்களாவுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில், வாசலில் நின்ற கண்ணாயி திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். பக்கத்துத் தலைச்சோலை கிராமத்திலிருந்து காப்பிப் பழம் பறிக்க வருகிறவள் அவள். கிழிந்த சாக்குக்கு மாற்றுச் சாக்கு கேட்டு வந்திருந்தாள்.

“ஏனுங்கம்மா, தம்பி ஆரைங்க அப்படித் திட்டுது?”

“வெளையாட்டு கண்ணாயி, வெறும் வெளையாட்டு,” என்றாள் எஸ்டேட்டின் சொந்தக்காரி கிருஷ்ணம்மாள். சொல்லும்போதே அவள் முகம் சுட்டது. ஒரு சாக்கை எடுத்துக் கையில் திணித்து, கண்ணாயியை அவசரமாக அனுப்பி வைத்தாள்.

விளையாட்டுத்தான். தொண்ணூற்று இரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில், மகன் மோகன்ராஜ் ஏற்காடு மலைப்பாதை வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பத்தொன்பது வயசுப் பையன், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தான். லண்டனில் இருக்கும் சித்தப்பா ஒரு பெட்டி அனுப்பிய பிறகுதான் சக்கர நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தான்.

பெட்டிக்குள் விரல் உயரத்துக்குப் பொம்மைப் படைகள், பகடைகள், தடியாக ஒரு விதிப் புத்தகம். ஒரு பக்கம், ஏதோ ஒரு கிரகத்தின் மலைக் கிராமத்து ஜனங்கள். இன்னொரு பக்கம், வானத்திலிருந்து கப்பலில் இறங்கும் கருங்கோள் கொள்ளையர்கள்.

அவர்களுக்குப் பொன் வேண்டாம், நிலம் வேண்டாம். ஆட்கள்தான் வேண்டும். பிடித்துக்கொண்டு போய்ச் சாகும்வரை வேலை வாங்குவார்கள். பிடிபட்டவர்கள் கதறுவது அவர்களுக்குக் கச்சேரி கேட்கிற மாதிரி. மோகன்ராஜ் அந்தக் கூட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டான்.

எதிரே உட்கார்ந்து ஆட ஒரு ஆள் வேண்டுமே. கணக்கெழுதப் புது ஆள் வந்தபின் வேலையில்லாமல், இன்னும் எஸ்டேட் கொடுத்த வீட்டிலேயே குடியிருந்த பழைய ரைட்டர் செங்கோடனை, கிருஷ்ணம்மாள்தான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். முதல் நாள் மகன் சிரித்த சிரிப்பு சமையற்கட்டு வரை கேட்டது. அன்றிலிருந்து மதியமானால் செங்கோடனுக்கு இதுதான் உத்தியோகம். “தம்பிக்குத் தோத்துக் குடுத்துருங்க ரைட்டரே,” என்று அவர் காதோடு அவள் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஆனால் சிரிப்பு இப்படி ஒரு கொடூரமாக மாறும் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் சாப்பாட்டு அறைப் பக்கம் வந்தாள். உள்ளே இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவள் நிழல் விழுந்ததும் மோகன்ராஜின் குரல் எகிறியது.

“என்ன ரைட்டரே, ஊர்க் கதவச் சாத்தறீங்களா? சாத்துனா விட்டுருவமா? அந்தக் கெழவன் வேலைக்கு ஆவமாட்டான், தூக்கி நெருப்புல போடுங்க!”

“போட்டுட்டனுங்க தம்பி.”

“மத்தவங்களக் கெஞ்சச் சொல்லுங்க!”

செங்கோடன் தொண்டையைச் செருமினார். கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிற மனுஷன். “உட்டுருங்க சாமி, எங்கியாச்சும் பொழைச்சுப் போறமுங்க,” என்று அந்தப் பொம்மைகளுக்காகக் கெஞ்சினார்.

அவரிடம் இன்னும் வீரர்கள் மிச்சமிருந்தார்கள். கப்பலை மறிக்க அவர்களே போதும். விதிப் புத்தகம் படிக்காத கிருஷ்ணம்மாளுக்கே அது புரிந்தது. அவரோ அத்தனை பேரையும் ஒரு மூலைக்கு நகர்த்தி வழி விட்டார். மோகன்ராஜ் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டான். ஊர் மொத்தமும் கப்பலேறியது.

செங்கோடன் எழுந்து வெளியே வந்தபோது கிருஷ்ணம்மாளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மனசுல வெச்சுக்காதீங்க ரைட்டரே. அவன் பேசற பேச்சு எனக்கே நொம்ப வெக்கமா இருக்குது.”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. தம்பி தங்கமான தம்பிங்க.”

சம்பளம் வாங்குகிறவர் வேறு என்ன சொல்லுவார்? சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மூடுபனியில் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே அவர் இறங்கிப் போவதைப் பார்த்து நின்றாள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்று உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தோடேயே உள்ளே போனாள்.

“கண்ணு, நாளையிலிருந்து இந்தக் கொள்ளைக்காரனுங்க இந்த ஊட்டுல வேண்டாம். வேலைக்காரிங்க வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போறாங்க. அப்பன் வயசு மனுசன எதுக்க உக்கார வெச்சு இந்தப் பாடு படுத்தறயே, உனக்குக் கூசல?”

மோகன்ராஜ் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தான். சற்றுமுன் கேட்ட கூச்சல் அவன் குரலில் துளியும் இல்லை.

“கூசுதும்மா. எனக்கு இந்த ஆட்டம் சலிச்சுப்போயி எத்தனையோ மாசமாச்சு.”

“அப்பறம் எதுக்குடா தெனமும் அவரக் கூப்பிட்டு உக்கார வெக்கிற? என் காதுல விழற மாதிரி எதுக்கு அந்தக் கத்து கத்தற?”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“எனக்கு ஆட்டம் சலிச்சுதுன்னா அன்னைக்கே ரைட்டர் ஊட்டக் காலி பண்ணோணும்னு நீதானம்மா சொன்ன?”