காற்றுப்பூ

மென்னா வாளியைக் கீழே வைத்ததும் நாத்தனார் லுனெட் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, போயும் போயும் காத்துப்பூவா கெடைச்சுது? பேரு வெச்சவன் சும்மாவா வெச்சான்? ஒரு வீச்சு வீசினா மொத்தமும் போயிடும்."

"போகட்டும்னுதான் பறிச்சேன்."

விடிந்தால் பூ ஞாயிறு. கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்க ஊரே குன்றேறி வந்திருந்தது. எல்லார் கையிலும் மஞ்சள் டாஃபடில். இவள் மட்டும் காட்டுக்குள் போய், மரத்தடியில் பூத்த இந்த வெள்ளைப் பூக்களைப் பறித்து வந்திருந்தாள்.

கணவன் குவிலிமின் கல்லைத் தேய்த்தாள். பெயரும் தேதியும் பளிச்சென்று ஆயின. அதற்குக் கீழே ஒரு சாண் வெறும் கல். அங்கே மட்டும் அவள் பிரஷ் போகாது. மூன்று வருடப் பாசி.

அந்த இடத்தில் மகன் எம்ரிஸின் பெயரை வெட்டிவிடலாம் என்று லுனெட் சொல்லாத வருடமில்லை. "ஆளைக் காட்டு, அப்புறம் பேரை வெட்டு" என்பாள் மென்னா. நண்டு பிடிக்கக் கடலில் போட்ட கூடுகளை எடுக்கப் போனவனின் படகு பலகை பலகையாகத்தான் கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

காத்திருந்து காத்திருந்து அவளுக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. அவனுக்கும் பூ வைக்க வேண்டும். கடலில் கிடப்பவனுக்கு எங்கே வைப்பது? காற்று கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

இதழ்களை உதிர்த்துக் கை நிறைய எடுத்துக்கொண்டாள். கல்லருகிலேயே, கடலைப் பார்த்து நின்று, உள்ளங்கையை விரித்தாள்.

காற்று தலைத்துணியைப் பிடுங்காமல் விடாத குன்று அது. அன்று பார்த்து ஓர் இலை அசையவில்லை.

நின்றாள். கை வலித்தது. லுனெட் கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் கை தானாகத் தாழ்ந்தது. இதழ்கள் நேராகக் கீழே, குவிலிமின் கல்லோரம், அந்தப் பாசிக்கு நேர் கீழே விழுந்தன.

மென்னா வெகுநேரம் அவற்றையே பார்த்தாள். முதன்முறையாக அழுதாள். பிறகு மண்டியிட்டு, பிரஷைத் தண்ணீரில் முக்கி, அந்த ஒரு சாண் பாசியைத் தேய்க்கத் தொடங்கினாள்.