வருகைப் பக்கம்

முந்தின நாள் சுமந்த கலவைச் சட்டியால் வேணிக்குக் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. காட்டூரில் எழும்பும் அந்தக் கட்டடத்தில் அவள் சித்தாள், தரையோடு சரி. புருஷன் அடைக்கலம்தான் சாரத்தில் ஏறிப் பூசுகிறவன்.

காகிதம் போலவே பேனாவால் எழுத வரும் டேப்லெட்டை சூப்பர்வைசர் பெஞ்சமின் நீட்டினான். வருகைக்கு அடைக்கலம் கையெழுத்துப் போட, அடுத்த வரியில் வேணி போட்டாள்.

"கட்டமெல்லாம் நானே போட்டது. எழுதினது அப்படியே நிக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கிற தலைப்பையும் கட்டத்தையும் மட்டும் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்" என்றான் பெஞ்சமின் பெருமையாக.

"அது இருக்கட்டும் சார், பெல்ட்டு?" என்றான் அடைக்கலம்.

"நாளைக்கு வரும். நீ என்ன இன்னைக்குத்தான் புதுசா ஏறுறியா?"

பதினோரு மணிக்கு நாலாவது மாடிச் சாரத்திலிருந்து அடைக்கலம் விழுந்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் போலீஸ் ஏட்டிடம் பெஞ்சமின் டேப்பைக் காட்டினான். "பெல்ட் வாங்கிட்டு, போடாம ஏறிட்டான் சார். இதோ கையெழுத்து."

'பாதுகாப்பு பெல்ட் பெற்றுக்கொண்டோர்' என்றிருந்தது. கீழே அடைக்கலத்தின் கையெழுத்து, அவனுடையதேதான்.

வேணி டேப்பை வாங்கி, விரலை ஒரு வரி கீழே இறக்கினாள்.

"இது என் கையெழுத்து சார். தரையில சட்டி தூக்குற எனக்கு எதுக்கு பெல்ட்டு?"

பெஞ்சமின் டேப்பை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு பெல்ட்டு இன்னும் பாக்கி சார்."