வெள்ளிக் கொக்கி

“அண்ணன் ஓட்டுற ரயில்ல நாலு பெட்டி சேர்ந்து ஓடி என்னைக்காவது பாத்திருக்கீங்களா அண்ணி?” என்று நாத்தனார் முன்பு ஒருமுறை கேட்டாள்.

அப்போது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கணவன் பின்னறை மேசைமேல் ஓட்டும் பொம்மை ரயில் அது. பெட்டிகளை இணைக்கும் கொக்கி உடைந்தால் ரப்பர் பேண்டைச் சுற்றுவான். சூயிங்கம்மை மென்று அப்புவான். முதல் வளைவிலேயே பெட்டிகள் திசைக்கொன்றாகப் போய் விழும்.

ஒருநாள் பின்னறையைப் பெருக்கப் போனவள் சும்மா சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள்.

அத்தனை பெட்டிகளும், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகளைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் திரும்பின.

அவளுக்குச் சுருக்கென்றது. கையிலெடுத்துப் பார்த்தாள்.

பெட்டிக்குப் பெட்டி ஒரு ரவிக்கைக் கொக்கி. அவளுடைய கொக்கிகள் எல்லாம் கறுப்பு. இவை வெள்ளி நிறம்.

ஒவ்வொன்றையும் ஒட்டிப் பிடித்திருந்தது கடுகளவு ரோஸ் நிற நகப்பூச்சு. அவள் நகப்பூச்சு வாங்கியதே இல்லை. அவன் கைக்கோ இந்த நேர்த்தி ஏழு ஜென்மத்துக்கும் வராது.

கொஞ்ச நாளாகவே, வேலை முடிந்து வரும்போது பின்னறையில் அவன் பேச்சுக் கேட்கும். போய்ப் பார்த்தால் தனியாக இருப்பான். பின்கதவு மட்டும் திறந்திருக்கும்.

மறுநாள் மதியமே வீடு திரும்பினாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

கதவில் காது வைத்தாள். அவன் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். எதிர்க்குரலே இல்லை. மூச்சுக்கூட விடாமல் இருக்கிறாளே, எவ்வளவு கெட்டிக்காரி.

கதவைத் தள்ளினாள்.

தரையில் நாத்தனார். மடியில் ஒரு பெட்டி, விரல்களுக்கிடையில் நகப்பூச்சுத் தூரிகை. அவள் நகங்களில் பூச்சே இல்லை.

“வாராவாரம் வர்றா,” என்றான் கணவன் மெல்ல. “இதுவரைக்கும் வாயத் தொறந்ததில்ல. நீ சொன்னத அப்படியே கேக்குறா.”

இரண்டு வருடத்துக்கு முன் வந்த சண்டையில், நாத்தனாரைத் தெருவாசல்வரை துரத்திப் போய் தான் கத்தியது அவளுக்கு நினைவு வந்தது. இனிமேல் இந்த வீட்டில் உன் குரல் கேட்கக் கூடாது.

வரக் கூடாது என்று சொல்லவில்லை.

நாத்தனார் புட்டியை மூடினாள். கொக்கியின் ஈரப் பூச்சை ஊதிக் காயவைத்தாள். பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து, முன்பெட்டியோடு மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“இரு” என்று சொல்ல இவள் வாயெடுத்தாள்.

அதற்குள் நாத்தனார் பின்வாசலைத் தாண்டியிருந்தாள். கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை.