கடைசிப் பெட்டியில் ஒருவன்

சாம்பல் கோட்டுக்காரன் இன்றைக்கும் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் நடைமேடைக் கோடியில் நின்றவர்களின் பேச்சு அடங்கிவிட்டது.

அவர்கள் எல்லோருடைய மார்பிலும் மஞ்சள் நட்சத்திரம் இருந்தது. அவன் மார்பில் இல்லை. யூதர்கள் கோட்டில் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும், மெட்ரோவில் கடைசிப் பெட்டியில் மட்டும்தான் ஏற வேண்டும் என்று அந்த 1942 கோடையில் பாரிஸைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்களின் உத்தரவு. மற்றவர்கள் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறலாம்தான். முன்னால் மூன்று பெட்டி இருக்கும்போது எவன் இதில் வந்து ஏறுவான்?

இவன் பதினோரு நாளாக ஏறுகிறான். பெல்வில் ஸ்டேஷனில் ஏறி, ஹெர்ஷும் அவர் மகள் ரிவ்காவும் இறங்குகிற அதே இடத்தில் இறங்குகிறான். இருக்கை காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. கதவை ஒட்டி நிற்பான். வண்டி நிற்பதற்கு முன்பே கதவுக் கொக்கியில் அவன் கை இருக்கும்.

போரில் தோல் கிடைக்காமல் ஊரே மரக்கட்டை அடி வைத்த ஷூவில் டக் டக்கென்று நடக்கிறது. இவனுக்கு மட்டும் நல்ல தோல் ஷூ.

“ஓடுனா பிடிக்கணும்ல, அதான் கதவை விட்டு நகர மாட்டேங்கிறான்,” என்றாள் பொத்தான் விற்கிற ஃபைகா, உதடு அசையாமல். “போலீஸ் இல்லேன்னா, நம்ம மேல அடிக்குதுன்னு சொல்றானுங்களே, அந்தப் பூண்டு வாசனையை மோந்துட்டுப் போக வர்றானாக்கும்.”



ஹெர்ஷ் ரோமத்தோல் தைக்கிறவர். ஜெர்மன் சிப்பாய்களுக்குக் குளிர்ச் சட்டை தைக்கும் பட்டறையில் வேலை. அந்தப் பட்டறைச் சீட்டு கையில் இருந்ததால்தான் ஜூலையில் போலீஸ் வீடு வீடாக யூதர்களைப் பிடித்தபோது அவரை விட்டார்கள். ரிவ்காவிடம் சீட்டு இல்லை. அன்றைக்கு அவள் கரி அறைக்குள் கிடந்து தப்பினாள். அவளைத் தனியே வீட்டில் விட்டால் வந்து பிடிப்பார்கள் என்று தினமும் பட்டறைக்குக் கூட்டிப்போய், பின்னறையில் உட்கார வைத்திருந்தார். எவனாவது அவளிடம் காகிதம் கேட்டால் கதை முடிந்தது.

“ரிவ்கா, நீ இன்னிக்கு முதல் பெட்டியில ஏறு,” என்றார் ஹெர்ஷ்.

“நட்சத்திரம் இருக்கேப்பா.”

“பையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கோ. அந்தக் கூட்டத்துல எவன் பாக்கப் போறான்?”

“நம்ம பெட்டியிலயே போயிடலாம்ப்பா. அந்த ஆள் இதுவரைக்கும் ஒண்ணும் செய்யலையே.”

“செய்யுறதுக்கு முன்னாடி பாத்துட்டுதான் இருப்பானுங்க. கிளம்பு.”

ஃபைகா அவள் முதுகில் தட்டினாள். “போம்மா. உங்கப்பன் தன் நிழலையே ரெண்டு தரம் திரும்பிப் பாக்கிற ஆளு. ஆனா இந்த விஷயத்துல அவர் சொல்றதுதான் சரி.”

வண்டி வந்தது. ரிவ்கா முன்னால் ஓடினாள். ஹெர்ஷ் கடைசிப் பெட்டியில் ஏறி நின்றார். சாம்பல் கோட்டுக்காரன் அவர் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான்.

“இன்னிக்கு உங்க பொண்ணு வரலையா?”

“எந்தப் பொண்ணு?” என்றார் ஹெர்ஷ்.

அவன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.  நல்லவேளை, பிரித்து அனுப்பினோம் என்று ஹெர்ஷ் நினைத்துக்கொண்டார்.

வண்டி நின்றதும் அவன்தான் முதலில் குதித்து இறங்கினான். பின்னாலேயே ஹெர்ஷும் ஃபைகாவும் இறங்கினார்கள். படிக்கட்டடியில் தொப்பி போட்ட இரண்டு பேர் நின்றார்கள். போலீஸ். சாம்பல் கோட்டுக்காரன் அவர்களைத் தாண்டி நாலு படி ஏறிவிட்டான்.

ஹெர்ஷிடம் சீட்டைக் கேட்டார்கள். பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். ஃபைகாவையும் விட்டார்கள். அவர்கள் கண் முன்பெட்டிகளிலிருந்து நடைமேடை நெடுக நடந்து வருகிற கூட்டத்தின் மேல் இருந்தது.

அந்தக் கூட்டத்தில், பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி, ரிவ்கா வந்துகொண்டிருந்தாள்.

“குழந்தையா அது, இப்படி அணைச்சுட்டு வர்றே? பையை இறக்கும்மா,” என்றான் ஒருவன்.

இறக்கினாள்.

“ஓகோ. எந்தப் பெட்டியில வந்தே? காகிதத்தை எடு.”

அவள் அப்பா இருந்த பக்கமே திரும்பவில்லை. ஃபைகா ஹெர்ஷின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, “அசையாதே, அசையாதே” என்று முணுமுணுத்தாள். ரிவ்காவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மேலே கூட்டிப்போனார்கள். அவளுக்கு வழிவிட்டு, சாம்பல் கோட்டுக்காரன் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் ஹெர்ஷ் படியேறி அவன் கோட்டுக் கழுத்தைப் பிடித்தார்.

“பதினோரு நாளு எங்களை மோப்பம் பிடிச்சியே. வேலை முடிஞ்சுதா? எந்த ஆபீசுடா உனக்கு?”

“ஆபீசா? நான் ஷூ கடையில விக்கிறவன் ஐயா.”

“பின்ன எதுக்குடா தினமும் எங்க பெட்டியில வந்து ஏறுனே?”

 அவன் ஹெர்ஷின் பிடியை விலக்கவில்லை.

“இங்க இறங்குனா, வெளிய போற படிக்கட்டு அந்தப் பெட்டிக்கு நேரா இருக்குங்க.”