மூன்று இழுப்பு

மதியம் சாப்பிட உட்காரும்போது வடக்கே வானம் கறுத்தது.

அம்மா தட்டுகளைக் கவிழ்த்தாள். நான் போர்வைகளை வாளியில் நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டேன். அப்பா நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் விளக்கைச் சுற்றிப் புழுதி பறந்தது.

“கதவைக் கொஞ்சம் திற, ஹார்லன்,” என்றாள் அம்மா அப்பாவிடம்.

“எதுக்கு? பாதி நிலம் ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்துடுச்சு. மீதியும் வந்தா இங்கயே உழுது கோதுமை போட்டுடலாம். வாங்கத்தான் ஆள் இல்ல.”

அம்மா சிரிக்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அந்தக் கயிறு உண்டு. கதவுச் சட்டத்தின் உட்புறம் தொடங்கி, ஒரு துளை வழியாக வெளியேறி, வெளிச்சுவரை ஒட்டியே போய், மாட்டுக் கொட்டகையில் முடியும். புழுதிப் புயலில் தன் கையே தனக்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கொட்டகையை அடைந்தவர் மூன்று முறை இழுப்பார். வீட்டில் இருப்பவர் பதிலுக்கு மூன்று முறை இழுக்க வேண்டும்.

போன வசந்தத்தில் என் அண்ணன் வெர்லின் நடுவழியில் கயிற்றை விட்டுவிட்டான்.

புயல் ஓய்ந்தபின் வேலியோரம் கிடைத்தான். வாய் நிறைய மண்.

அவனைப் புதைத்த பிறகும் அம்மா நம்பவில்லை. புயல் எழுந்தால் அவனைத் தேடி வெளியே ஓடினாள். இரண்டு முறை அப்பா அவளைத் தூக்கி வந்தார்.

மூன்றாவது புயலில் கயிறு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா பதிலுக்கு இழுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தாள்.

அதன்பின் எந்தப் புயலிலும் அவன் இழுக்கத் தவறவில்லை. அவளும் வெளியே ஓடவில்லை.

வங்கி நிலத்தை எடுத்துக்கொண்டது. மாட்டை விற்றோம். அக்கம்பக்கத்தார் மெத்தைகளை வண்டிமேல் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அம்மா மட்டும் அசையவில்லை.

“நான் போயிட்டா அவனுக்கு யாரு பதில் இழுப்பா?”

நேற்று அப்பா அவளிடம் சத்தியம் வாங்கினார். அடுத்த புயலில் கயிறு அசையாவிட்டால் அவள் வண்டியில் ஏற வேண்டும்.

நேற்றே பின்னறை ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணியும் அடித்தார். புழுதி வராதிருக்க என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கயிறு அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போகிறது. அத்தனை புயல்களிலும் கையை வெளியே நீட்டி அதை இழுத்தவள் நான்.

காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. அம்மா ஓடிவிடாதிருக்க அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கயிறு செத்துக் கிடந்தது.

அவள் உடம்பு மெல்லத் தளர்ந்தது.

“சரி. போலாம்,” என்றாள்.

அப்போது கயிறு விறைத்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அம்மா என் கைகளை விலக்கிவிட்டுப் பதில் இழுத்தாள். பிறகு தட்டுகளை நிமிர்த்தி பீன்ஸ் பரிமாறத் தொடங்கினாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அப்பா என் கைகளைப் பார்த்தார். இரண்டையும்.

பிறகு எழுந்தார். நாற்காலியைக் கதவிலிருந்து தள்ளினார். ஒரு துணியை வாளியில் முக்கிப் பிழிந்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டார்.

“அப்பா, காத்துதான். வெறும் காத்து,” என்றேன்.

“எவ்வளவு நேரம்தான் பையன் வெளியவே நிப்பான்?” என்றார் அப்பா.